கேளுங்க சொல்றேன்: திகார்ல ஒரு பெட்டி, மும்பையில ஒரு குப்பைப் பொட்டலம்

கிரண் பேடி திகார் ஜெயிலையே மாத்துனாங்கன்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் சார் பண்ணாங்க? கண்ணை மூடி தியானம் பண்ணா திருடன் திருந்திடுவானா?
- வாசகி, திண்டுக்கல்

தியானத்துக்கு அப்புறம் வர்றேன் மேடம், மொதல்ல பெட்டியைப் பத்தி சொல்லணும். 1993 மே மாசம் அவங்க டெல்லில இருக்கற திகாருக்கு ஐஜியா, அதாவது ஜெயில் நிர்வாகத்துக்கே தலைமை அதிகாரியா போறப்ப சுமார் 2,500 பேருக்குன்னு கட்டுன எடத்துல எட்டாயிரம் பேருக்கு மேல அடைஞ்சு கெடந்தாங்க, அதுல முக்கால்வாசிக்கு மேல விசாரணைக் கைதிங்க, அதாவது தப்பு பண்ணானா இல்லையான்னே இன்னும் தீர்ப்பு வராதவங்க. புகார் சொல்லணும்னா யார்கிட்ட சொல்றது? காவலுக்கு நிக்கிற வார்டர்கிட்ட சொன்னா அந்தப் புகாரே வார்டர் மேலதான் இருக்கும்! அதனால பேடி என்ன பண்ணாங்கன்னா ஒரு பூட்டுன பெட்டியை, கைதிங்க தங்குற பேரக் ஒவ்வொண்ணுக்கும் சுத்த விட்டாங்க, அதுல மனு எழுதிப் போட்டா நடுவுல யார் கையும் படாம நேரா ஐஜி ஆபீஸ்லதான் தொறக்கும். கேக்க சப்பையா இருக்கும், ஆனா எந்த ஜெயிலர் காசு வாங்குறான், எந்த தாதா மத்தவனோட சோத்தைப் புடுங்குறான், எவனுக்கு மருந்து கெடைக்கலைன்னு எல்லாமே இந்த மாதிரிதான் மேல போய்ச் சேரும்.

அதுக்கப்புறம் கைதிங்களுக்குள்ளயே பஞ்சாயத்து, படிச்சவன் படிக்காதவனுக்கு பாடம் எடுக்கறது, இக்னோங்கற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோட படிப்பு மையம்னு ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. நீங்க கேட்ட தியானம், விபாசனான்னு பேரு, அதுவும் அப்பதான். அது அவங்க கண்டுபுடிச்சது கெடையாது, 1975லயே ஜெய்ப்பூர் ஜெயில்ல விபாசனா ஆசிரியர் கோயங்கா நடத்தியிருக்காரு. திகார்ல ஜெயில் ஊழியர்களே சிலர் மொதல்ல போய் உக்காந்து பாத்துட்டு வந்தாங்க, எனக்குப் புடிச்சதே இதுதான். 1994 ஏப்ரல்ல ஆயிரம் கைதிங்களுக்கு மேல பத்து நாள் வாயைத் தொறக்காம உக்காந்தாங்க. அந்த வருசமே பேடிக்கு மகசேசே விருது.

திருந்துனாங்களான்னு கேட்டீங்கள்ல, சில பேர் திருந்தியிருப்பாங்க, சில பேர் பத்து நாள் நிம்மதியா ஒக்கார எடம் கெடைச்சுதேன்னு வந்திருப்பாங்க, அதுல என்ன தப்பு? என் வருத்தம் வேற. 1995ல அவங்களை மாத்திட்டாங்க, தியான மையம் இன்னைக்கும் இருக்கு, நெரிசலும் இன்னைக்கும் இருக்கு. நெரிசலை ஐஜி கொறைக்க முடியாது, கோர்ட்டுதான் கொறைக்கணும். (புதுச்சேரிக்காரங்க ‘எங்க ஊர்ல கவர்னரா இருந்தப்ப அவங்க’ன்னு ஆரம்பிப்பீங்க, அது தனிக் கச்சேரி, இங்க வேணாம்.)

எங்க ஏரியாவுல குப்பை அள்ள வண்டியே வர்றதில்ல. நகர் நல சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சோம், மீட்டிங் போட்டா நாலு பேர் வர்றான், அதுலயும் ரெண்டு பேர் டீக்கு வர்றான். ஜனங்களை எப்படி சார் ஒண்ணு சேக்கறது?
- வாசகர், ஆவடி

டீ குடுக்கறீங்களே, அதுவே பாதி வேலை சார். கோலார் தங்கவயல்ல பொறந்த நம்ம தமிழர், ஜோக்கின் அற்புதம்னு பேரு, அவர் கதையைச் சொல்றேன். 1960கள்ல பம்பாய்க்குப் போய் மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனில இருந்தாரு. அங்கயும் குப்பை அள்ள ஆள் வரல. இவரு மீட்டிங்கே போடல, பசங்களைச் சேத்தாரு, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் கையில, நேரா மாநகராட்சி ஆபீஸ் வாசல்ல கொண்டு போய் கொட்ட வச்சாரு, அப்பறம் பேச்சுவார்த்தைக்கு அவங்களே வந்தாங்க. இப்ப நீங்க இதை அப்படியே செஞ்சா கேஸ் போட்டுருவாங்க, அதனால செய்யச் சொல்லல, ஆனா கவனிங்க, சங்கம் மொதல்ல வரல, வேலைதான் மொதல்ல வந்துச்சு.

இன்னொண்ணு, அவரும் தோத்துருக்காரு. 1976ல எமர்ஜென்சி நேரத்துல ஜனதா காலனியையே இடிச்சுட்டாங்க, சுமார் 70,000 பேரை சீட்டா கேம்ப்ங்கற எடத்துக்கு தள்ளிட்டாங்க. அதுக்கப்புறம் கத்தறது மட்டும் போதாதுன்னு கணக்கெடுப்பு, சேமிப்புன்னு எறங்குனாங்க. அவரோட குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஸ்பார்க்ங்கற தொண்டு நிறுவனம், நடைபாதையில குடியிருந்த பொம்பளைங்களோட மகிளா மிலன் அமைப்பு, இந்த மூணும் கை கோத்துச்சு. மகிளா மிலன்ல ஒரு அக்கா தெனமும் வீடு வீடா போயி ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ வாங்குவாங்க. அந்த ரூபாயா முக்கியம்? தெனம் ஒரு தடவை அந்த வாசல்ல நின்னு பேசறதுதான் முக்கியம், யார் வீட்டுல புருசன் அடிக்கறான், யாருக்கு ரேஷன் கார்டு இல்லன்னு அந்த அக்காவுக்கு அத்துப்படி. திகார்ல சுத்துச்சே ஒரு பெட்டி, அதே வேலைதான், இங்க பெட்டிக்கு கால் மொளைச்சிருக்கு.

நீங்க வர்ற ஞாயித்துக்கெழமை மீட்டிங்கை கேன்சல் பண்ணிட்டு ஒரு நோட்டை எடுத்துட்டு வீடு வீடா போங்க. எத்தனை வீடு, வண்டி கடைசியா எப்ப வந்துச்சு, எந்த முக்குல குப்பை சேருது, எழுதுங்க. அந்த நோட்டோட மண்டல ஆபீசுக்குப் போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

தம்பி ஒருத்தன் திருட்டு கேஸ்ல உள்ள போய் எட்டு மாசமாச்சு, ஜாமீன் கெடைச்சும் வெளிய வர முடியல. இவ்ளோ பேர் ஏன் உள்ளயே கெடக்காங்க?
- பேர் வேண்டாம், மதுரை

2022 கணக்குப்படி நாடு முழுக்க கைதிங்க 5,73,220 பேர், அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. நாலுல மூணு பேர்! பலருக்கு ஜாமீன் உத்தரவு இருக்கும், ஜாமீன்தாரர் இருக்க மாட்டாங்க. மொதல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, வக்கீல் இலவசம், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடுவாங்க. இதுக்கு முன்னாடி அவர் மேல தண்டனையே இல்லன்னா, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்தாலே விடச் சொல்லுது புது குற்ற நடைமுறைச் சட்டத்தோட (பிஎன்எஸ்எஸ்) 479வது பிரிவு, மத்தவங்களுக்கு பாதி. தூக்கு, ஆயுள் கேஸுக்கு இது கெடையாது, ஒண்ணுக்கு மேல கேஸ் இருந்தாலும் சிக்கல். அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி போட்ட கேஸுக்கும் பொருந்தும்னு 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நாளைக்கே போங்க.

ஜெயில்லயும் சாதி பாத்து வேலை குடுப்பாங்களாமே?
- வாசகர், திருநெல்வேலி

குடுத்தாங்க. பல மாநில ஜெயில் விதிப் புத்தகத்துலயே எழுதி வச்சிருந்தாங்க, யார் சமைக்கணும் யார் பெருக்கணும்னு. 2024 அக்டோபர் 3ல சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் செல்லாதுன்னு அடிச்சுட்டு மூணு மாசத்துல திருத்தச் சொல்லுச்சு. சுதந்திரம் வாங்கி 77 வருசம் கழிச்சு, ஞாபகம் வச்சுக்கங்க.

கைதிங்க நடத்துற பெட்ரோல் பங்க்ல அளவு சரியா இருக்குமா?
- வாசகர், புழல்

பக்கத்துலயே இருந்துக்கிட்டு என்கிட்ட கேக்கறீங்களே! நான் போட்டிருக்கேன். மீட்டரை ஜீரோ காட்டிட்டுதான் போட்டாங்க.