வாக்குத்தத்த கார்டும் 70 வருஷமும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதி, விடுதலை எப்போ வரும்ங்கறதுதான்.

கேள்வி: வருஷப்பிறப்பு ஆராதனைல வாக்குத்தத்த வசனம் எழுதின கார்டு எடுத்தப்போ எனக்கு எரேமியா 29:11 வந்துச்சு பிரதர், நீங்க எதிர்பார்க்கற முடிவை தருவேன்னு கர்த்தர் சொல்ற வசனம். இந்த வருஷமே வேலை கிடைச்சிடும்னு எடுத்துக்கலாமா?

பதில்: கார்டுல 11ம் வசனம் மட்டும்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி உள்ள 10 இருக்காது, பிரச்சனையே அங்கதான். அது எரேமியா தீர்க்கதரிசி எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு அனுப்பின லெட்டர் சிஸ்டர். கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவோட ராஜா யோயாக்கீனையும் தச்சர், கொல்லர்னு கைவேலை தெரிஞ்சவங்களையும் சிறைபிடிச்சு கொண்டுபோயிட்டான், அவங்களோ இன்னைக்கு போயிடலாம் நாளைக்கு போயிடலாம்னு இருக்காங்க, போதாக்குறைக்கு அனனியான்னு ஒருத்தர் ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு எருசலேம் ஆலயத்துலயே ஜனங்க முன்னாடி சொல்லிட்டாரு, கேக்க நல்லாத்தானே இருக்கும். எரேமியா என்ன எழுதறாருன்னா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, உங்களை பிடிச்சிட்டு போன அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்க, திரும்பி வர 70 வருஷம் ஆகும், இந்த 70தான் 10ம் வசனத்துல இருக்கு. லெட்டரை கேட்ட பெரியவங்க முக்காவாசி பேர் அங்கயே கண்ணை மூடியிருப்பாங்க, ஊர் திரும்பினது பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும்தான். அதனால கார்டை பைபிளுக்குள்ள வச்சுக்கோங்க, வேலைக்கு அப்ளிகேஷனும் போட்டுட்டே இருங்க.

கேள்வி: ஆலயம் இடிஞ்சது கி.மு. 586, பாபிலோன் விழுந்தது 539. 47 வருஷம்தானே வருது?

பதில்: கணக்கு சரிதான். ஆனா எரேமியா சொல்றது பாபிலோனோட ஆட்சிக்கு 70 வருஷம், அது நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த 605ல இருந்து எண்ணினா 66 கிட்ட வரும், முழு எண்ணா சொன்னதுன்னு சிலர் சொல்றாங்க. இன்னொரு கணக்கு, 586ல இடிஞ்ச ஆலயம் திரும்ப கட்டி முடிஞ்சது பெர்சிய ராஜா தரியுவோட ஆறாம் வருஷம், சுமார் 516, அப்போ 70 வந்துடுது. எனக்கு முதல் கணக்குதான் எரேமியா வார்த்தைக்கு கிட்ட இருக்கற மாதிரி படுது.

கேள்வி: பாபிலோனை ஜெயிச்சு யூதரை ஊருக்கு அனுப்பின பெர்சிய ராஜா கோரேசு கர்த்தரை அறியாதவர், அவரை எப்படி அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு ஏசாயா சொல்லலாம்?

பதில்: ஏசாயா 45:1ல இருக்கறது எபிரெயத்துல மேசியாங்கற அதே வார்த்தைதான், இஸ்ரவேலன் இல்லாத ஒரு ராஜாவுக்கு வேற எங்கயும் அந்த பேர் கிடைக்கல. "நீ என்னை அறியாதிருந்தும்"னு அதே அதிகாரத்துலயே கர்த்தர் சொல்லிடறாரு பாருங்க, மறைக்கவே இல்ல. 1879ல பாபிலோன்ல கிடைச்ச கோரேசோட களிமண் உருளை இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல அவர் ஜெயிச்சதுக்கு காரணம் பாபிலோனோட மர்தூக் தெய்வம்னுதான் எழுதியிருக்கு, யூதர் பேரே இல்ல. சில பிரசங்கத்துல அந்த உருளைல யூதரை அனுப்பின கட்டளை இருக்குன்னு சொல்றாங்க, தப்பு. அந்த கட்டளை எஸ்றா புத்தகத்துல இருக்கு.

கேள்வி: விடுதலையும் இரட்சிப்பும் ஒண்ணா?

பதில்: பழைய ஏற்பாட்டுல பெரும்பாலும் ஒண்ணுதான். செங்கடல் ஓரத்துல மோசே இரட்சிப்பை பாருங்கன்னு சொன்னப்போ பின்னாடி பார்வோன் சேனை வந்துட்டு இருந்துச்சு, அதுல இருந்து தப்பிக்கறதுதான் அங்க இரட்சிப்பு. இயேசுங்கற பேரும் இரட்சிப்புங்கற அந்த எபிரெய வார்த்தையோட வேர்ல இருந்து வந்ததுதான்.

கேள்வி: மத்தவங்க பாவத்துக்காக பாடுபடற கர்த்தரோட தாசனை பத்தி சொல்ற ஏசாயா 53 இயேசுவை பத்தியா இஸ்ரவேலை பத்தியா? கிறிஸ்தவங்க பின்னாடி சேர்த்ததுன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

பதில்: சேர்த்ததுங்கறது நிக்காது. சவக்கடல் பக்கத்துல கும்ரான் குகைல கிடைச்ச ஏசாயா சுருள் இயேசுவுக்கு 100 வருஷம் முன்னாடி எழுதினது, 53ம் அதிகாரம் அதுல முழுசா இருக்கு. யாரை பத்திங்கறது வேற விஷயம், 49:3ல தாசன் இஸ்ரவேல்தான், ரெண்டு வசனம் தள்ளி அந்த தாசனே இஸ்ரவேலை திருப்பி கொண்டு வர்றாரு, ராஷி மாதிரி பைபிளுக்கு விளக்கம் எழுதின யூத ரபிமார் 53ல வர்ற தாசன் இஸ்ரவேல்ங்கறாங்க, நாம இயேசுங்கறோம். அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து இதை வாசிச்சிட்டு பிலிப்புகிட்ட கேட்டதும் இதே கேள்விதான்.