பெட்டி விழாமல் பிடித்த ஊசாவைக் கடவுள் ஏன் அடித்தார்? நல்ல எண்ணம் போதாதா?

கேள்வி கேட்டவர் 2 சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தைப் படித்திருக்கிறார். தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியை, அதாவது பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் இருந்த பரிசுத்தப் பெட்டியை, எருசலேமுக்குக் கொண்டுவருகிறான். வழியில் மாடுகள் மிரள்கின்றன, பெட்டி ஆடுகிறது, ஊசா என்பவன் கை நீட்டிப் பிடிக்கிறான், அங்கேயே செத்துப்போகிறான். காப்பாற்றப் போனவனுக்கு இதுவா பலன், இப்படிப்பட்ட கடவுளிடம் எந்த தைரியத்தில் நெருங்குவது என்கிறார்.

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். பெரிய பிள்ளைகள் வகுப்பில் இந்தப் பகுதி வந்தாலே, "அப்போ பெட்டி விழட்டும்னு விட்டிருக்கணுமா அக்கா?" என்று ஒருத்தராவது கேட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கும் அதே சந்தேகம்தான், வாய்விட்டுக் கேட்பதில்லை.

முதலில், இதைப் படித்து மனம் கசந்தால் அதில் தப்பில்லை. தாவீதுக்கே விசனம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவதெப்படி என்று ஊர்வலத்தை அங்கேயே நிறுத்திவிட்டான். அதற்காக அவனை யாரும் கண்டித்ததாக எழுதியிருக்கவில்லை. அதனால் "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்று உங்களை அடக்கப் போவதில்லை.

ஆனால் கேள்வியை ஊசாவின் கையிலிருந்து ஆரம்பித்தால் விடை கிடைக்காது. பெட்டி எதற்காக மாட்டு வண்டியில் இருந்தது? அதைக் கேளுங்கள்.

அந்தப் பெட்டி பெரிதில்லை. சீத்திம் என்கிற ஒருவகை வேல மரத்தில் செய்து பொன்தகடு மூடியது. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். நான்கு பொன் வளையங்கள், அவற்றில் கோர்த்த இரண்டு தண்டுகள். அந்தத் தண்டுகளைக் கழற்றவே கூடாது என்று யாத்திராகமம் 25-ல் கட்டளை. எப்போது தூக்கினாலும் தண்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பெட்டியில் கை படத் தேவையே இல்லை. பயணம் புறப்படும்போது ஆசாரியர்களான ஆரோனும் அவன் குமாரரும் முதலில் திரைச்சீலையால் அதை மூடுவார்கள், அதன்மேல் தோல், அதன்மேல் முழுக்க நீலத் துப்பட்டி. அதற்குப் பிறகுதான், ஆராதனை வேலைக்கென்று பிரித்த லேவி கோத்திரத்தில் ஒரு பிரிவான கோகாத் வம்சத்தார் வந்து தூக்க வேண்டும். அவர்களும் தொட்டால் சாவார்கள் என்று எண்ணாகமம் 4 வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. சுமக்கிற பாக்கியம் பெற்றவர்களுக்கே தொடுகிற உரிமை இல்லை.

எண்ணாகமம் 7-ல் இன்னொரு விஷயம் இருக்கிறது. பலரும் அந்த அதிகாரத்தைக் காணிக்கைப் பட்டியல் என்று வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஆசரிப்புக் கூடாரத்து (வனாந்தரத்தில் ஆராதனைக்கு இருந்த கூடாரம்) வேலைக்காக 6 வண்டிகளும் 12 மாடுகளும் வருகின்றன. மோசே அவற்றைப் பங்கிடுகிறான். லேவியரின் மற்ற இரண்டு பிரிவுகளில் கெர்சோன் வம்சத்துக்கு 2 வண்டி, மெராரி வம்சத்துக்கு 4. கோகாத் வம்சத்துக்கு ஒன்றுகூட இல்லை. வண்டி பற்றாக்குறையால் அல்ல. அவர்கள் வேலை தோளில் சுமப்பது, அவ்வளவுதான்.

அப்படியானால் தாவீதுக்கு வண்டி யோசனை எங்கிருந்து வந்தது? இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரிடமிருந்து என்றே நினைக்கிறேன். அவர்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டுபோய் 7 மாதம் அவதிப்பட்டுத் திருப்பி அனுப்பியபோது, அவர்களுடைய பூசாரிகளும் குறிசொல்லுகிறவர்களும் சொன்ன வழி அது: புது வண்டி செய்யுங்கள், நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைக் கட்டுங்கள், தானாகப் போகட்டும். போய்ச் சேர்ந்தது. வேதம் தெரியாத அவர்களை அந்த வண்டிக்காகக் கர்த்தர் தண்டிக்கவில்லை. ஆனால் இஸ்ரவேலின் ராஜாவுக்கு வேதம் தெரிந்திருக்க வேண்டும். சிங்காசனத்தில் உட்காருகிறவன் நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே மூலம் வந்த சட்டத்தை, தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்பது உபாகமம் 17.

தாவீது எதில் குறை வைத்தான் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தெரிந்தெடுத்த 30,000 பேர் வந்தார்கள். சுரமண்டலம், தம்புரு, மேளம், வீணை, கைத்தாளம் எல்லாம் இருந்தன. வண்டிகூடப் புதுசு! ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் அதிபதிகளை எல்லாம் கலந்து பேசினான், சபையாருக்கும் அது சரியென்று பட்டது. இத்தனைக்கும் சாமுவேல் புத்தகத்தில் இதற்கு முந்தின அதிகாரத்தில் பெலிஸ்தரோடு யுத்தத்துக்குப் போகலாமா என்று இரண்டு தடவை கர்த்தரிடம் விசாரிக்கிறான். பெட்டி விஷயத்தில் அப்படி விசாரித்ததாக ஒரு வரி இல்லை. சண்டைக்குப் பயந்து ஜெபித்தவன் ஆராதனைக்கு அது தேவையில்லை என்று இருந்துவிட்டானோ என்னவோ.

ஊசாவைப் பற்றி எனக்கு ஒரு யூகம் உண்டு. பெட்டி கீரியாத்யாரீமில் அவனுடைய தகப்பன் அபினதாபின் வீட்டில் 20 வருஷத்துக்கும் மேலாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியிருப்பான். பழகிய பொருளின் மேல் கை தானாகப் போகும். அதை வேதம் "துணிவு" என்கிறது, அத்துமீறல் என்ற அர்த்தத்தில். கோயிலிலேயே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. போதகர் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடுகிற ஆள் நான்.

சரி, பிள்ளைகள் கேட்கிற கேள்வி. விழட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? தோளில் சுமந்திருந்தால் மிரள்வதற்கு மாடே இல்லை. அதோடு, இதே பெட்டி பெலிஸ்தரின் பட்டணமான அஸ்தோத்தில், அவர்கள் தெய்வமான தாகோனின் கோயிலில் இருந்த கதையைப் படியுங்கள். காவலுக்கு ஒரு இஸ்ரவேலனும் இல்லை. மறுநாள் காலையில் தாகோன்தான் முகங்குப்புறக் கிடந்தது. தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த நாள் தலையும் கைகளும் உடைந்து வாசற்படியில் கிடந்தன. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்முடைய மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளக் கர்த்தருக்குத் தெரியும்.

தண்டனை ஏன் தாவீதுக்கு விழாமல் ஊசாவுக்கு விழுந்தது என்று கேட்டால், என்னிடம் திருப்தியான பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்கிற பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதும் இல்லை. ஆனால் தாவீது பழியை ஊசாவின் மேல் தள்ளிவிடவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். மூன்று மாதம் கழித்து லேவியரைக் கூப்பிட்டு அவன் சொன்னது 1 நாளாகமம் 15-ல் இருக்கிறது: முதல் தடவை நீங்கள் சுமக்கவில்லை, நாம் நம்முடைய தேவனை நியாயமானபடி தேடவில்லை, அதனால் அடி விழுந்தது. "நாம்" என்று தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான். இரண்டாம் தடவை மோசே கட்டளையிட்டபடி தண்டுகளைத் தோளில் வைத்துச் சுமந்தார்கள். ஆட்டம் பாட்டம் அப்போதும் குறையவில்லை. தாவீது தன் முழுப் பலத்தோடும் நடனம் பண்ணினான், அவன் மனைவி மீகாள் அவனை அவமதிக்கிற அளவுக்கு. ஆகவே பயபக்தி என்றால் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"அது பழைய ஏற்பாடு, இப்போது கிருபையின் காலம்" என்று இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இந்தத் தளத்தில் ஏற்கெனவே வந்திருக்கிறது. பாதி சரி. கிருபாசனத்தண்டையில் (கடவுளின் இரக்கமுள்ள சிங்காசனத்திடம்) தைரியமாய்ச் சேருங்கள் என்கிற எபிரெயர் நிருபமேதான், பயத்தோடும் பக்தியோடும் ஆராதனை செய்யுங்கள், நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி என்றும் சொல்கிறது. கொரிந்து சபையில் பலர் வியாதிப்பட்டார்கள், சிலர் மரித்தும்போனார்கள், அது திருவிருந்தை அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், வாங்கியதால் என்று பவுல் எழுதுகிறார். அங்கே என்ன அவமரியாதை நடந்தது? இருப்பவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள்.

நம் ஊர்ச் சபைகளில் பயபக்தி என்றதும் நினைவுக்கு வருவது செருப்பை வெளியே விடுவது, முக்காடு போடுவது, வேதாகமத்தைத் தரையில் வைக்காமல் இருப்பது. நானும் அப்படி வளர்ந்தவள்தான், இன்றும் அதைச் செய்கிறேன். ஆனால் கர்த்தர் கேட்டதை விட்டுவிட்டு நமக்குத் தோன்றிய மரியாதையைச் செய்வது புது வண்டி செய்வதுதான். நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று லேவியராகமம் 19 தொடங்குகிறது. அடுத்து வருவதெல்லாம் என்ன தெரியுமா? வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கு விடு, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடை வைக்காதே, தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தைப் பத்து நாள் இழுத்தடித்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு திருவிருந்துக்கு முழங்காலில் நிற்பவர்களை எனக்குத் தெரியும். முக்காடு மட்டும் கொஞ்சமும் விலகாது.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்வி, எந்த தைரியத்தில் நெருங்குவது? ஊசா செத்ததும் பயந்துபோன தாவீது பெட்டியைப் பக்கத்தில் ஓபேத்ஏதோம் வீட்டில் வைத்துவிட்டான். அந்த மனுஷனின் நிலையை நினைத்துப் பாருங்கள்! ஓர் ஆளைக் கொன்ற பெட்டி என்று ஊரெல்லாம் பேச்சு, அது இவன் வீட்டு நடுவில். மூன்று மாதம் இருந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் எதுவும் ஆகவில்லை, கர்த்தர் அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்தார் என்று எழுதியிருக்கிறது. பெட்டி எருசலேமுக்குப் புறப்பட்டபோது, கூடப் போன வாசல்காவலாளர் பட்டியலில் ஓபேத்ஏதோம் என்ற பெயர் வருகிறது. அது வேறு ஆள் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் அதே ஆள் என்றுதான் படிக்கிறேன். பெட்டி வீட்டைவிட்டுப் போகிறதே, தொல்லை விட்டது என்று அவன் இருக்கவில்லை, பின்னாலேயே போய்விட்டான்.