வாற்கோதுமை தின்னிகள்

அன்புள்ள ஐயா,

பத்து மாதமாக வீகனாக இருக்கிறேன். கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஜிம்மில் தூக்கும் எடைகூட ஏறியிருக்கிறது. ஆனால் நண்பர்கள் விடுவதாயில்லை. “இலை தழை தின்னா மீசை கொட்டிடும்டா”, “சோயா தின்னா பொம்பளையாயிடுவ” என்று தினமும் ஏதாவது ஒன்று. முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது வீகன் பலசாலிகளின் வீடியோக்களை வாட்ஸப் குழுவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவர்கள் வாயை அடைக்க இன்னும் தகவல் வேண்டும். அடுத்த மாதம் எல்லோரும் சேர்ந்து பயணம் வேறு போகிறோம்.

ச.

அன்புள்ள ச.,

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன். ஜெர்மனியின் பலசாலி பேட்ரிக் பாபூமியான் வீகன். 2013இல் டொராண்டோவில் 550 கிலோவுக்கு மேல் தோளில் சுமந்து பத்து மீட்டர் நடந்தார். நீச்சல் வீரர் மர்ரே ரோஸ் சைவம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியபோது வயது 17. சோயா விஷயத்தில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இலும் 2021இலும் அலசிவிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை அது குறைப்பதில்லை.

எனக்குப் பிடித்தவர்கள் ரோமானிய கிளாடியேட்டர்கள், கூட்டத்தின் முன் அரங்கில் சண்டையிட்டவர்கள். அவர்களுக்கு ‘வாற்கோதுமை (பார்லி) தின்னிகள்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். இன்றைய துருக்கியிலுள்ள எபேசஸில் 1993இல் கிடைத்த கிளாடியேட்டர் இடுகாட்டின் எலும்புகளைச் சோதித்தபோதும் தானியமும் பருப்பு வகைகளும்தான் பிரதான உணவு என்று தெரிந்தது. கொள்கையெல்லாம் இல்லை. பெரும்பாலோர் அடிமைகள், போட்டதைத் தின்றார்கள்.

இதையெல்லாம் குழுவில் போட்டால் வாய் அடைபடுமா? “அவன் தூக்குவான், நீ தூக்குவியா?” என்பார்கள். அவர்கள் தராசில் நீங்களாகவே ஏறி நின்றுகொண்டு, முள் சரியில்லை என்று சண்டை போட்டால் வேறென்ன நடக்கும்?

நான் கறி சாப்பிடுகிறவன். கேலி செய்கிற பக்கத்திலும் இருந்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு விருந்தில், கறித்துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிய நண்பரைப் பார்த்து, “என்ன, வீட்டம்மா உத்தரவா?” என்றேன். மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். காது மடல் சிவந்துவிட்டது. தட்டில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அதே மேசையில் இரண்டு பெண்களும் கறியைத் தொடவில்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எனக்கு இது உறைத்தது. சாப்பாடுதான் பிரச்சினை என்றால் மூன்று பேரையும் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜிம் இருக்கிறது, எடை இருக்கிறது. ஏன் கறியை விட்டீர்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. உடல்நலத்துக்காக என்றால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். ஏதோ ஒரு உயிரைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்பது என் ஊகம், தப்பென்றால் மன்னியுங்கள். “பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்” என்று ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் சொல்வது லேசில்லை. வீடியோ அனுப்புவது சுலபம்.

பயணத்துக்கு அவசியம் போங்கள். காரணத்தை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஒருத்தனாவது வந்து தனியாகப் பேசுவான். அந்த நண்பர் அன்று காரணம் சொல்லியிருந்தால் நான் அப்படிப் பேசப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வைட்டமின் பி12 மாத்திரையைப் பையில் போட மறக்க வேண்டாம். செடிகொடியில் அது கிடைக்காது.