ரஷ்ய மொழியியலாளர் துருபெட்ஸ்காயை ஒலியனியலில், அதாவது பொருளைப் பிரிக்கும் ஒலிகளை (ஒலியன்களை) ஆராயும் துறையில், ஏன் இவ்வளவு மதிக்கிறார்கள்?

'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'பா'வில் வரும் 'ப்' ஒலியும் கடைசி 'பு'வில் வரும் 'ப்' ஒலியும் காதுக்கு வேறு வேறு. ஆனாலும் தமிழுக்கு அது ஒரே ஒலியன், அந்த வேறுபாடு பொருளைப் பிரிப்பதில்லை. 'பல்'லைக் 'கல்' என்று மாற்றினாலோ பொருளே மாறிவிடும். இப்படிப் பொருளைப் பிரிக்கும் ஒலி வேறுபாடுகளை மொழிக்கு மொழி ஒப்பிட்டு வகைப்படுத்திய முன்னோடி அவர்.

1890-இல் மாஸ்கோவில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, சோஃபியாவில் கொஞ்ச காலம் கற்பித்தார். 1922 முதல் வியன்னாவில் ஸ்லாவிய மொழியியல் பேராசிரியர். ஒலியனியல் சிந்தனைகளை ப்ராக் வட்டம் என்ற மொழியியலாளர் குழுவைச் சேர்ந்த நண்பர் யாக்கப்சனுடன் கடிதங்களில் விவாதித்தே வளர்த்தார். அப்புறம் 1938-இல் நாஜிகள் அவர் வீட்டைச் சோதனையிட்டு ஆய்வுத் தாள்களை அள்ளிச் சென்றார்கள். அதே ஆண்டு ஜூனில் இதய நோயால் இறந்தார். அவருடைய பெரிய நூல் 1939-இல்தான் அச்சேறியது; அதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.