பி சைடில் கிடக்கும் பாட்டுகள்
வாசகர் கேள்வி–பதில்: ராக் இசை

கேள்வி: எங்கள் பக்கத்துக் கல்லூரி விழாக்களில் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாடாமல் எந்தக் குழுவும் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஈகிள்ஸ் குழுவுக்கு வேறு பாட்டே கிடையாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேறு எங்கும் தேட வேண்டாம், அதே இசைத்தட்டைத் திருப்பிப் போடுங்கள். 1976 டிசம்பரில் வந்த 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். அவற்றில் சிங்கிளாகத் தனியே வெளிவந்தவை மூன்று: 'ஹோட்டல் கலிபோர்னியா', 'நியூ கிட் இன் டவுன்', 'லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்'. மூன்றும் முதல் பக்கத்தில் முதல் மூன்று பாட்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன. ஊசியை வைத்ததும் கேட்பது அவைதான். மூன்றும் முடிந்தால் பலர் ஊசியைத் தூக்கிவிடுவார்கள்.

இப்படி அடுக்குவதற்கு வியாபாரம் மட்டும் காரணமல்ல, தட்டின் அமைப்பும் காரணம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில், ஊசிக்கு அடியில் ஒலி செதுக்கிய பள்ளக்கோடு வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டியிருப்பதால் உச்ச ஒலிகள் மங்கும், 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரக்கும். ஆகவே அதிரடியான பாட்டை வெளி விளிம்புக்கும் அடக்கமானதை உள்ளேயும் தள்ளுவது தட்டுக் காலத்துப் பழக்கம். தட்டே போய்விட்ட பிறகும் அந்த வரிசை அப்படியே நிலைத்துவிட்டது.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'தி லாஸ்ட் ரிசார்ட்', ஏழு நிமிடத்துக்கும் மேல். நல்ல நிலம் தேடி மேற்கே போனவர்கள் போன இடத்தையெல்லாம் பாழாக்கிய கதை. ஆற்றுமணல் போன கதை தெரிந்த நமக்கு உரை தேவைப்படாது. அதற்கு முந்தையது குழுவின் ராண்டி மைஸ்னர் பாடிய 'ட்ரை அண்ட் லவ் அகெய்ன்'. ஒரு வாரத்துக்கு முதல் பாட்டைத் தொடாமல் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எந்தப் பாட்டு ஹிட் ஆகும் என்று பாடுகிற குழுவுக்காவது தெரியுமா?
– மாணவி, மன்னார்குடி

பதில்: டீப் பர்ப்பிள் குழுவுக்குத் தெரியவில்லை. 1972-ல் 'மெஷின் ஹெட்' ஆல்பம் வந்தபோது அவர்கள் நம்பி சிங்கிளாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்'. இன்று அதைச் சொன்னால் பலர் முழிப்பார்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது மறு வருடம்தான். 1973-ல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. 'நெவர் பிஃபோர்' தட்டின் பின்பக்கத்தில், அதாவது பி சைடில், 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' இருந்தது. அந்தப் பாட்டுக்கு ஆல்பத்தில் இடமே தரவில்லை. குழுவின் பாடகர் இயன் கில்லனின் குரலைக் கேட்க அதைவிட நல்ல பாட்டு சிலவே உண்டு என்பது எங்கள் கட்சி.

கிட்டார் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ஸ்மோக்' பாட்டின் அந்தப் பிரபலமான துண்டைப் பெரும்பாலோர் தடித்த கம்பிகளில் பவர் கார்டாக, அதாவது சுரங்களைச் சேர்த்து அடிக்கும் கார்டாக, வாசிக்கிறார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசித்தது டி, ஜி கம்பிகள் இரண்டை மட்டும் சேர்த்து. எண்கள் விரல் வைக்க வேண்டிய கட்டங்கள்: திறந்த கம்பி, 3, 5. மறுபடி திறந்த கம்பி, 3, 6, 5. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம், இரண்டு விரல்களால் ஒரே நேரத்தில் சுண்டுங்கள்.

கேள்வி: பி சைடு பாட்டால் எழுதியவருக்கு என்ன லாபம்?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தட்டுக் காலத்தில் கொழுத்த லாபம். தட்டு விற்றால் இரு பக்கத்துப் பாட்டுக்கும் உரிமைத்தொகை சமம். 1975-ல் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' தட்டின் பின்பக்கத்தில் இருந்தது டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்'. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்த கதை.

இப்போது அந்த வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகூட இல்லாத பாட்டுக்குக் காசு கிடையாது. குழுவின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதும் அதிகம் கேட்கப்பட்ட ஐந்து பாட்டுகள்தான். பணம் பணத்தோடு சேருகிறது.

கேள்வி: நாங்கள் நாலு பேர் கொண்ட ராக் குழு. பிரபலமான பாட்டுகளுக்குக் கைதட்டுகிறார்கள். சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் டீக்கடைக்குப் போகிறது. என்ன செய்வது?
– இளைஞர்கள், திருவாரூர்

பதில்: முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள், பாட்டைப் பிறகு குறை சொல்லலாம். தெரிந்த பாட்டில் ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும் ரசிகர் விட்ட வார்த்தையைத் தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். தெரியாத பாட்டில் அந்த உதவி கிடைக்காது. வார்த்தை புரியவில்லை என்றால் அது அவருக்கு வெறும் இரைச்சல். கல்யாண மண்டபத்தில் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் போதுமான எதிரொலியைத் தானே தந்துவிடும். எனவே பாடுபவர் மைக்கில் ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். கிட்டாரில் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மூன்று டெசிபல் குறைத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும்.

சவுண்ட் செக்கை உங்கள் சொந்தப் பாட்டை வைத்தே செய்யுங்கள். ஹிட் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று மிக்ஸரில் உட்காருபவருக்கு ஏற்கெனவே தெரியும், உங்கள் பாட்டு தெரியாது. அரைத்தாளில் 'இரண்டாம் சரணம் முடிந்ததும் கிட்டார் தனி, கடைசியில் டிரம்ஸ் மட்டும்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வரிசைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி பத்ததியைப் பாருங்கள். வர்ணம், தெரிந்த கீர்த்தனை என்று சபை உட்கார்ந்த பிறகுதான் நல்ல வித்வான் அபூர்வ கிருதியை எடுப்பார். தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு எடுக்க மாட்டார், அப்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 45 நிமிடத்துக்கு ஒன்பது பாட்டு என்றால் உங்கள் பாட்டு மூன்றாவதும் ஆறாவதும். முதலாவது கூடாது, மிக்ஸர் இன்னும் சரியாகியிருக்காது. பெரிய ஹிட்டை அடுத்தும் கூடாது. முந்தைய பாட்டின் சுருதியிலேயே, கைதட்டல் அடங்குமுன் ஆரம்பித்துவிடுங்கள். 'அடுத்து எங்கள் சொந்த முயற்சி' என்ற அறிவிப்புதான் டீக்கடைக்கு வழிகாட்டிப் பலகை. பல்லவி முதல் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். முன்னிசை நீளமாக இருந்தால் மேடையில் பாதியாக வெட்டுங்கள்.

ஐப்பசி அடைமழையில் கச்சேரி என்றால் கம்பியை அன்றைக்கே மாற்றாதீர்கள். இரண்டு நாள் முன்பு மாற்றி, இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்து வையுங்கள். ஏசி காரிலிருந்து இறக்கிய கிட்டார் ஈரக்காற்றில் இருபது நிமிடமாவது கிடக்கட்டும். ஜெனரேட்டரில் உறுமல் கேட்டால் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாவற்றையும் ஒரே போர்டில், ஒரே எர்த்தில் இணையுங்கள். உறுமலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குவது சிலர் செய்கிற வேலை. கையில் கிட்டாரோடு உதடு மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: 1980-களில் அப்பா பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டில், ஏ பக்கக் கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. ஒலியும் மங்கல். மீட்க முடியுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: நின்ற பாதி அந்த நாடாவில் இல்லை. கடைக்காரர் மிச்ச நாடாவை நிரப்பியிருக்கிறார், நாடா தீர்ந்துவிட்டது. இருப்பதைத் தெளிவாக்கிப் பாட்டு எது என்று கண்டுபிடிக்கலாம்.

உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். கடற்கரை ஊர் ஈரத்தில் வெண்பொடி போலப் பூஞ்சை பிடித்திருக்கலாம். அது மெஷினில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படியிருந்தால் வீட்டில் ஓட்ட வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிய சுற்றுகள் பிரியும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துக் காயவிடுங்கள்.

மங்கலுக்கு முக்கியக் காரணம் பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாதது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்பி, சிம்பல் ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற கேசட்டுகளுக்கு அது வேண்டும். கணினியில் 24 பிட்டில், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.

பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி கைவிட்டால் வேகத்தைச் சந்தேகியுங்கள். மெஷின் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே அரை ஸ்வரம் ஏறிவிடும். சுருதி சேர்த்த கிட்டாரோடு ஒத்துப் பார்த்து வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்கவிடுங்கள். அப்படியும் சிக்காவிட்டால் தெளிவாகக் கேட்கும் ஒரு முழு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயர் கிடைத்ததும் ஆல்பங்களில் மட்டும் தேடி ஏமாற வேண்டாம், எந்தச் சிங்கிளின் பின்பக்கம் என்று பாருங்கள். பின்பக்கப் பாட்டுகளைத் தனித் தொகுப்பாகப் பிறகு போட்ட குழுக்கள் உண்டு. ஓயாசிஸ் குழு 1998-ல் வெளியிட்ட 'தி மாஸ்டர்பிளான்' முழுக்க அப்படிப்பட்டதுதான். உங்கள் பாட்டின் மறுபாதியும் அப்படியொரு தொகுப்பில் இருக்கலாம்.