பாக்டீரியாவின் எஸ்ஓஎஸ்: கேள்வி பதில்

கேள்வி: தன் டிஎன்ஏ பழுதாகிவிட்டது என்று பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவைப் பார்ப்போம். டிஎன்ஏ பழுதானால் அது இயக்கும் அவசரகால ஏற்பாட்டுக்குத்தான் எஸ்ஓஎஸ் என்று பெயர். சாதாரண நேரத்தில் லெக்ஸ்ஏ என்ற புரதம் சுமார் நாற்பது மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டு டிஎன்ஏ பழுதானால் நகலெடுப்பு அங்கே தடைபட்டு, ஒற்றை இழை வெளிப்படும். அதுதான் ஆபத்தின் அடையாளம். அதன்மேல் ரெக்ஏ புரதங்கள் சரமாகக் கோத்துக்கொள்ளும். அந்தச் சரத்தில் வந்து ஒட்டும் லெக்ஸ்ஏ, தன் 84, 85ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே தன்னையே வெட்டிக்கொள்ளும். லெக்ஸ்ஏவின் பிடி தளர்வாக இருந்த மரபணுக்கள் முதலில் விழித்து, பழுதான துண்டை வெட்டி நீக்கும். இறுக்கமாக அடக்கப்பட்டிருந்த சல்ஏ என்ற புரதம் பிறகு வந்து செல் பிரிவதைத் தடுக்கும்; செல் பிரியாமல் நூலாக நீளும். டிஎன்ஏவைப் பிழையோடு நகலெடுக்கும் பாலிமரேஸ் 5 என்ற நொதி கடைசியில்தான் வரும்.

கேள்வி: லெக்ஸ்ஏவை ரெக்ஏதானே வெட்டுகிறது?

பதில்: இல்லை, ரெக்ஏ தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். ரெக்ஏ இல்லாமலே, காரக் கரைசலில் லெக்ஸ்ஏ தானாக உடைவதை ஜான் லிட்டில் 1984இல் காட்டினார்.

கேள்வி: எனக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எஸ்ஓஎஸ்ஸைத் தூண்டுமாமே, நிறுத்திவிடவா?

பதில்: தூண்டும் என்பது உண்மை. நிறுத்துவதை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் மருந்தைத் தோற்கடிக்கத்தான் பாக்டீரியா வேண்டுமென்றே மரபணுவை மாற்றிக்கொள்கிறது, சரியா?

பதில்: இந்த 'வேண்டுமென்றே' வேண்டாம். பழுதான இடத்தைத் தாண்ட வேறு வழியில்லாதபோது பாலிமரேஸ் 5 ஏதோ ஒரு எழுத்தைப் போட்டுக் கடக்கிறது. பிழை எங்கே விழும் என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: லெக்ஸ்ஏ உடையாத ஈ. கோலையில் சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு உருவாவது தடைபட்டது என்று 2005இல் எலிகளில் காட்டினார்களே சார்? அது நோக்கம் இல்லையா?

பதில்: நல்ல ஆய்வைச் சொன்னீர்கள். ஆனால் மாற்றங்கள் எழ இந்த அமைப்பு தேவை என்பதைத்தான் அது காட்டுகிறது. எதிர்ப்பைத் தரும் மாற்றத்தை பாக்டீரியா தேர்ந்தெடுப்பதில்லை. பிழைகள் கண்டபடி விழுகின்றன, பல பயனற்றவை, சில கொல்பவை. தப்பியவற்றை மருந்து வடிகட்டுகிறது.

கேள்வி: அப்போ லெக்ஸ்ஏவை ரெக்ஏ வெட்டிய பிறகு...

பதில்: வெட்டுவதில்லை. மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எல்லாம் எப்படி அடங்கும்?

பதில்: பழுது சரியானால் ஒற்றை இழை மறையும், ரெக்ஏ சரமும் கலையும். லெக்ஸ்ஏவின் மரபணுவையே லெக்ஸ்ஏதான் அடக்குகிறது என்பதால், இவ்வளவு நேரமும் அது ஏராளமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. உடனே மீண்டும் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சல்ஏவை லான் என்ற நொதி சிதைக்கும், செல் மறுபடி பிரியும்.

கேள்வி: எல்லா பாக்டீரியாவிலும் இதேதானா?

பதில்: இல்லை. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் லெக்ஸ்ஏவே கிடையாது.