ஐந்தாவது உருண்டை

கேள்வி: ஞாயிறுதோறும் வீட்டிலேயே மாவு பிசைந்து பீட்சா செய்கிறேன். அரை கிலோ மைதா, நான்கு பேருக்கு நான்கு பீட்சா. கொதித்த தண்ணீரில் ஈஸ்ட் கலந்துதான் பிசைகிறேன். ஆனாலும் மாவு உப்புவதே இல்லை, வறட்டி மாதிரி வருகிறது. பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கணவர், "பேசாமல் ஆர்டர் போட்டுவிடலாமே" என்கிறார். மாமியார் வேறு நடுநடுவே வந்து, "பொங்கிச்சா?" என்று மூடியைத் திறந்து பார்ப்பார். அவருக்கு இரண்டு இட்லி கொடுத்து எட்டு மணிக்கே படுக்க அனுப்பிவிடுவேன். இவ்வளவு பாடுபட்டும் யாருக்கும் மதிப்பில்லையே?
- ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: போன மாதம் இதே புலம்பல் கேக்குக்காக வந்தது, அதற்கு முன் பிரியாணிக்காக. 'உங்கள் அருமை ஒருநாள் புரியும்' என்று எழுதி எனக்கும் அலுத்துவிட்டது. வேறொன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? என் கணக்குக்கு ஐந்து வருகிறது. நீங்கள் செய்வது நான்கு.

மாமியாருக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா? புளித்த மாவு, தக்காளி, கொஞ்சம் சீஸ். சீஸ் கனமாக இருந்தால் குறைத்துப் போட்டால் ஆயிற்று. மாவு பொங்கியதா என்று அந்த வீட்டில் கேட்ட ஒரே ஆள் அவர். கேலி செய்தவர்களுக்குச் சுடச்சுட பீட்சா, அக்கறையாகக் கேட்டவருக்கு இட்லியும் படுக்கையும். மதிப்பில்லை என்று எழுத வேண்டியவர் நீங்களா, அவரா?

அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வறட்டியும் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்காக உளுந்து அரைத்தவருக்கு, மாவு சித்திரையில் எத்தனை மணிக்குப் பொங்கும், மார்கழியில் எங்கே வைத்தால் பொங்கும் என்று கைக்கே தெரியும். இட்லி மாவில் யாராவது கொதித்த தண்ணீரை ஊற்றுவார்களா? ஈஸ்டும் உயிருள்ளதுதான். 60 டிகிரிச் சூட்டில் செத்துவிடும். நீங்கள் வாராவாரம் அதைக் கொன்றுவிட்டு, மூடி போட்டுக் காத்திருக்கிறீர்கள்.

அரை கிலோ மைதாவுக்கு 320 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பயந்துபோய் மேலும் மைதா கொட்டாதீர்கள், சப்பாத்திப் பதம் வந்தால் வறட்டிதான். எண்ணெய் தொட்டுக்கொண்டு பத்து நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே இழுத்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். அப்புறம் மூடி வையுங்கள். ஈரோட்டு வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு பங்காகிவிடும். ஆகியதா இல்லையா என்று மாமியாரே பார்க்கட்டும். மூடி திறப்பது இனிமேல் அவர் வேலை.

இத்தாலியில் இருக்கும் நேப்பிள்ஸில் பீட்சா செய்பவர்களின் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாவைத் தட்டி விரிப்பதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்குக் கைமாறி வந்த வித்தை. உங்கள் வீட்டில் அந்த வித்தை தெரிந்தவரை எட்டு மணிக்கே தூங்க அனுப்புகிறீர்கள்! அந்த ஊர் விறகடுப்பு 400 டிகிரிக்கு மேல் காயும், ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடும். நம் வீட்டு மின்சார ஓவன், அதான் ஓடிஜி, 250-க்கு மேல் போகாது. அதனால் தட்டை உள்ளே வைத்து அரை மணி நேரம் காயவிட்டுத்தான் பீட்சாவை ஏற்ற வேண்டும். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். குடைமிளகாயை முதலில் வதக்கிவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் விட்டு நடுவில் சொதசொதவென்று ஆகிவிடும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்டர் போடத் தெரிந்தவருக்குத் தன் அம்மா சாப்பிட்டாரா என்று எட்டிப் பார்க்கவும் தெரிய வேண்டும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்த அரை கிலோ மைதாவில் பிசைந்த மாவை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாக உருட்டுங்கள். ஒவ்வொன்றும் 170 கிராம் வரும், மெல்லிசாக விரியும், நடுவில் வேகாமல் நிற்காது. ஓடிஜியில் ஒவ்வொன்றாகத்தானே ஏற்ற முடியும்? எட்டு மணிக்குப் படுப்பவருக்கு ஏழேகாலுக்கு முதல் பீட்சா. ஓரம் கடிக்க முடியவில்லை என்றால் அதைக் கத்தரித்துத் தன் மகன் தட்டில் போடச் சொல்லுங்கள்.